பாண்டு சுமந்தவர்கள் எங்கே?

சென்னையின் தெற்குப் புறநகரில் அடுக்குமாடிக் கட்டடங்களின் சைட் பொறியாளராகப் பல ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், ரூஃப் கான்கிரீட் போடும் நாளில் விடிவதற்கு முன்பே மிக்சரைச் சுற்றி ஆட்கள் கூடிவிடுவார்கள். சாரத்தின் சாய்வுப் பலகையில் கீழிருந்து மேல்வரை சித்தாள்கள் வரிசையாக நின்று, கலவை நிறைந்த பாண்டை, அதாவது இரும்புச் சட்டியை, கைமாற்றி மேலே அனுப்புவார்கள். காலிப் பாண்டு மறுபக்கமாகக் கீழே இறங்கும். மேஸ்திரி வேலை முடியும்வரை ரூஃபை விட்டு இறங்க மாட்டார்.

இன்று அந்த வேலையை, ஆலையிலேயே கலந்த கான்கிரீட்டைக் கொண்டுவரும் ரெடிமிக்ஸ் லாரியும் பம்பும் செய்கின்றன. 6 கனமீட்டர் கொள்ளும் ஒரு லாரியில் ஏறத்தாழ 14 டன் கான்கிரீட் வருகிறது. பாண்டுக்கு 20 கிலோ என்று கணக்கிட்டால் அது 700 பாண்டுக்கு மேல். தடையில்லாமல் ஓடினால் பம்பு அதை அரை மணி நேரத்துக்குள் மேலே ஏற்றிவிடும். நாற்பது வயதுக்குள் கழுத்தும் முழங்காலும் தேய்ந்துபோன பெண்களை நேரில் பார்த்தவன் என்பதால், அந்தச் சுமை மனிதத் தலையிலிருந்து இறங்கியதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் சுமை இறங்கிய அன்றே அதைச் சுமந்தவர்களும் சைட்டிலிருந்து இறக்கப்பட்டார்கள். கட்டுமானத் தொழில்நுட்பம் பற்றிய பேச்சுகளில் இந்தப் பகுதி ஏறக்குறைய வருவதே இல்லை.

பேச்சில் வருபவை வேறு. 2021 ஏப்ரலில் சென்னை ஐஐடி வளாகத்தில் திறக்கப்பட்ட, முப்பரிமாண அச்சு முறையில் கட்டிய 600 சதுர அடி வீட்டைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். 2023இல் பெங்களூரு அல்சூரில் அதே முறையில் ஓர் அஞ்சல் நிலையம் எழுந்தது. பெரும்பாக்கத்தில் தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பாகங்களைக் கொண்டு கட்டிய 1,152 வீடுகள் 2022 மே மாதம் திறக்கப்பட்டன. இவை முக்கியமான முயற்சிகள்தாம். ஆனாலும் சாதாரண சைட்டுகளை உண்மையில் மாற்றியவை ரெடிமிக்ஸ், கான்கிரீட் வார்க்கும் அச்சான அலுமினிய ஷட்டரிங், புள்ளிகளை அளந்து குறிக்கும் மின்னணுக் கருவியான டோட்டல் ஸ்டேஷன் ஆகிய மூன்றும்தான் என்று சொல்வேன்.

அலுமினிய ஷட்டரிங்கை எடுத்துக்கொள்வோம். பலகையும் சவுக்குக் கம்பும் வைத்துச் செய்த சென்ட்ரிங் வேலையில் தச்சரின் கைக்கணக்கு முக்கியம். அலுமினிய முறையிலோ ஒவ்வொரு பேனலுக்கும் எண் உண்டு. ஒருவரே தூக்கக்கூடிய அந்தப் பேனலை அதற்குரிய இடத்தில் வைத்து, இணைப்பு ஊசியும் ஆப்பும் அடித்தால் போதும். சுவரும் ரூஃபும் ஒரே நேரத்தில் வார்க்கப்படுகின்றன. செங்கல் கட்டும் வேலை இல்லை, பூச்சு வேலை பெரும்பாலும் இல்லை. வேலை ஓட்டம் சீரானபின், நன்கு நடக்கும் சைட்டில் வாரத்துக்கு ஒரு தளம் என்ற வேகம் சாத்தியமே. ஆனால் மின்குழாயும் சுவிட்சுப் பெட்டியும் வார்ப்புக்கு முன்பே கம்பியோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். பிறகு சுவரை உடைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. வரைபடம் அலுவலகத்தில் முழுமையாக முடிந்திருக்கவில்லை என்றால் தவறு நேராகக் கான்கிரீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடும். முன்பு கண்ணெதிரே நடந்து, அங்கேயே திருத்தப்பட்ட தவறுகள் இப்போது கணினியிலும் கலவை ஆலையிலும் யாரும் பார்க்காமல் பிறக்கின்றன. வந்து சேரும் இடத்தில் அவற்றைக் கண்டுபிடிக்கும் ஆள் வேண்டும்.

ஒரு கட்டடத்துக்குத் தூண் மையங்களைக் குறித்த நாள் நினைவுக்கு வருகிறது. டோட்டல் ஸ்டேஷன் கருவியை வைத்து அளவையாளர் புள்ளிகளைக் குறித்து முடித்திருந்தார். கருவி மில்லிமீட்டர் கணக்கில் பேசும். அதில் எவருக்கும் ஐயம் இல்லை. மூத்த மேஸ்திரி ஒருவர் மட்டும், "சார், ஒரு தடவை மூலைக்கு மூலை நாடா பிடிச்சுப் பார்த்துடலாமே" என்றார். பிடித்துப் பார்த்ததில் இரண்டு மூலைவிட்டங்களும் ஒத்துவரவில்லை. கருவி சரியாகவே வேலை செய்திருந்தது. அதற்குள் ஏற்றப்பட்ட ஆயங்களில், அதாவது புள்ளிகளின் இட எண்களில், ஒரு வரிசை திருத்தப்படுவதற்கு முந்தைய வரைபடத்திலிருந்து வந்திருந்தது. மேஸ்திரிக்கு மென்பொருள் தெரியாது; செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம் என்பது கைப்பழக்கமாகத் தெரியும். அந்தப் பழக்கம் அவருக்கு வந்தது பள்ளியிலிருந்து அல்ல. கையாளாக வந்து, கொத்தனாரின் பக்கத்தில் நின்று தூக்குக்குண்டு பிடித்து, மட்டக்குழாயின் ஒரு முனையைத் தாங்கி, பிறகு கரணையைக் கையில் எடுத்து வந்தவர் அவர்.

அந்த வழி இப்போது அடைபட்டுக்கொண்டிருக்கிறது. செங்கல் வேலையும் பூச்சு வேலையும் குறைந்துவிட்ட சைட்டில் கையாளாக வருகிற இளைஞன் எதைப் பார்த்துக் கற்பான்? பேனல் எண்ணை மட்டும் அறிந்த அவனுக்கு அந்தப் பேனல் ஏன் அங்கே நிற்கிறது என்று சொல்ல எவருக்கும் நேரம் இல்லை. எங்கள் ஷட்டரிங் குழுக்களில் பெரும்பாலோர் பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வருகிறார்கள், கடும் உழைப்பாளிகள். ஒரு கட்டடம் முடிந்ததும் ஒப்பந்ததாரர் அவர்களை வேறு நகரத்துக்கு அழைத்துப் போய்விடுவார். கற்றது எதுவும் ஓரிடத்தில் தங்குவதில்லை.

சித்தாள்களின் நிலை இன்னும் கசப்பானது. பழைய முறையிலும் அவர்களுக்கு உயர்வுக்கான வழி இருந்ததில்லை. இருபது ஆண்டுகள் கலவை சுமந்த பெண்ணின் கையில் கரணை கொடுத்த சைட்டுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆகவே இயந்திரம் வந்தபோது முதலில் வேலை இழந்தவர்களும் அவர்களே. எஞ்சியிருப்பவர்கள் இறுகிய கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடுவதும் குப்பை கூட்டுவதுமாக நிற்கிறார்கள்.

இது தொழில்நுட்பத்தின் குற்றம் அல்ல. உடல் வலுவைக் கேட்ட வேலைகள்தாம் போயின. புதிதாக வந்திருப்பவை கவனத்தைக் கேட்கும் வேலைகள். ரெடிமிக்ஸ் லாரி வந்து நின்றதும் செய்ய வேண்டியதைப் பாருங்கள். முதலில் லாரியோடு வரும் சலான் சீட்டில் கலவை ஏற்றிய நேரத்தைப் பார்க்க வேண்டும்: இந்தியத் தர விதிப்படி, பொதுவாக ஏற்றியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் இறக்கி முடிக்க வேண்டும். அடுத்து, கலவையின் இளக்கத்தைச் சோதிக்கும் 30 சென்டிமீட்டர் உயரமுள்ள ஸ்லம்ப் கூம்பில் கலவையை அடுக்கடுக்காக நிரப்பி, அடுக்குக்கு 25 முறை கம்பியால் குத்தி, கூம்பை நேராகத் தூக்கி, கலவை எவ்வளவு அமர்ந்தது என்று அளக்க வேண்டும். பிறகு 15 சென்டிமீட்டர் கனசதுர அச்சுகளில் மாதிரி எடுத்து, தேதி எழுதி, வலுவை அறிய 7ஆம் நாளும் 28ஆம் நாளும் உடைத்துப் பார்க்க அனுப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பம்பு அடைக்காமல் ஓட வேண்டும் என்பதற்காக லாரியில் தண்ணீர் சேர்க்க யாரையும் விடக்கூடாது. சேர்த்த தண்ணீருக்கேற்பக் கான்கிரீட்டின் வலு குறையும்.

எங்கள் சைட்டில் இந்த வேலைகளை இப்போது முன்னாள் சித்தாள் ஒருவர் செய்கிறார். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். எல்லோருக்கும் அவர் அக்கா. கலவையோடு வாழ்ந்தவர் என்பதால் கூம்பைத் தூக்குவதற்கு முன்பே, "தண்ணி ஜாஸ்தி சார், சலானைப் பாருங்க" என்று சொல்லிவிடுகிறார். அளந்து பார்த்தால் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. லாரி ஓட்டுநர்கள் தொடக்கத்தில் அவரை மதிக்கவில்லை. அவருடைய பேச்சின்பேரில் லாரிகள் திரும்பிப் போகத் தொடங்கிய பின் மதிக்கிறார்கள்.

கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நலநிதிக்கு என்று வசூலிக்கப்படுகிறது. திருமண உதவியும் ஓய்வூதியமும் தருவதோடு, இப்படிப்பட்ட பெண்களுக்குப் பரிசோதனை வேலையிலும், மட்டம் பார்க்கும் லேசர் லெவல் கருவியைப் பிடிப்பதிலும் பயிற்சி அளிக்க அந்த நிதியிலிருந்து இன்னும் தாராளமாகச் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பயிற்சிக் காலத்தின் தினக்கூலியும் சேர்ந்தே வர வேண்டும். கூலி இல்லாமல் ஒரு வாரம் வகுப்பில் உட்கார அவர்களால் முடியாது.

அந்த அக்காவின் பெயருக்கு நேரே வருகைப் பதிவேட்டில் இன்றும் "சித்தாள்" என்றே இருக்கிறது; கூலியும் அதற்குரியதே. ஒப்பந்தத்தின் கூலிப் பட்டியலில் வேறு வகை இல்லை என்று ஒப்பந்ததாரர் சொல்கிறார். பரிசோதனை உதவியாளர் என்ற வகையைச் சேர்க்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். அடுத்த கட்டடத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன் அதை மீண்டும் கேட்பேன்.