முதியோர் இல்லத்தில் பூச்சி ஒழிப்பு: நாட்குறிப்பு

ஜூன் 2

சமையலறைதான் முதலில். விளக்கை அணைத்து, அரை மணி நேரம் கழித்து டார்ச் அடித்தால்தான் கரப்பானின் உண்மையான கணக்கு தெரியும். பகலிலேயே ஓடினால் ஒளிந்திருக்கும் இடுக்குகள் நிரம்பிவிட்டன என்று பொருள். ஃபிரிட்ஜ் மோட்டாருக்குப் பின்னால், தொட்டிக்குக் கீழே குழாய் சுவருக்குள் போகும் இடத்தில், சாப்பாட்டுத் தள்ளுவண்டியின் அடித்தட்டில் என மூன்று இடங்களிலும் தேதி எழுதிய ஒட்டுப்பொறி. தள்ளுவண்டியை விட்டுவிட்டால் அதுவே அறை அறையாகக் கரப்பானைக் கொண்டு சேர்க்கும்.

ஜூன் 3

ஜெல் மருந்து. மிளகைவிடச் சிறிய சொட்டுகளாக, இடுக்குகளின் உட்புறத்திலும் கதவுக் கீல்களிலும். ஒரே இடத்தில் நிறையப் பிதுக்கினால் காய்ந்து வீணாகும். இது பலிக்காமல் போவதற்கு முக்கியக் காரணம், மறுநாள் யாராவது அதே இடத்தில் ஸ்பிரே அடிப்பதுதான். ஸ்பிரே பட்ட ஜெல்லைக் கரப்பான் தொடாது. சின்னக் கரப்பான் இனத்தின் ஒரு முட்டைக்கூட்டில் 30 முதல் 40 குஞ்சுகள் வரை இருக்கும். எனவே இரண்டு வாரம் கழித்து மறுபடியும் ஜெல் வைக்க வேண்டும்.

ஜூன் 6

மஞ்சள் நிறப் பாரோ எறும்பு, நீளம் 2 மில்லிமீட்டர்தான். புண்ணின் கட்டுக்குள்ளும் நுழையும். படுத்த படுக்கையாக இருப்பவரால் தட்டிவிடக்கூட முடியாது. இதற்கு ஸ்பிரே அடிக்கவே கூடாது. ஒரு கூட்டில் பல ராணிகள் இருப்பதால், மருந்து பட்டதும் கூடு பிரிந்து பல இடங்களில் புதிதாகக் குடியேறும். மெதுவாக வேலை செய்யும் இரைமருந்தை வைத்து, எறும்பு வரிசையைச் சில நாள் துடைக்காமல் விட வேண்டும். கட்டிலின் கால்கள் சுவரைத் தொடக் கூடாது, போர்வை தரையில் தொங்கக் கூடாது.

ஜூன் 10

மூட்டைப்பூச்சி. வயதானவர்களில் பலருக்குக் கடித்த தடிப்பே வராது, மறதி நோய் உள்ளவர்கள் சொல்லவும் மாட்டார்கள். அதனால் யாராவது சொல்லட்டும் என்று காத்திருக்காமல், வாரம் ஒருமுறை மெத்தையின் தையல் ஓரத்தையும் சக்கர நாற்காலியின் திண்டையும் பார்க்க வேண்டும். கரும்புள்ளிகள் அதன் எச்சம்.

துணிகளை அறைக்குள்ளேயே பையில் கட்டிக்கொண்டு போக வேண்டும். வராந்தாவில் திறந்தபடி தூக்கிப்போனால் வழியெல்லாம் உதிரும். உலர்த்தும் இயந்திரத்தில் 60 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம். நாள் முழுதும் ஒருவர் படுத்திருக்கும் மெத்தையில் மருந்து தெளிக்கக் கூடாது, தையலோரமாக நீராவிதான். முட்டை பொரிக்க 6 முதல் 10 நாள் ஆவதால், இரண்டு வாரத்தில் மறுபடியும் செய்தாக வேண்டும்.

ஜூன் 11

பூச்சி எதுவும் சிக்காமல் இரவில் அரிப்பு மட்டும் கூடினால், அது சிரங்காக இருக்கலாம். மருத்துவரை அழைக்க வேண்டும், ஸ்பிரேயை அல்ல.

ஜூன் 17

கிருமிநீக்கக் கலவை: 5 சதவீத ஹைப்போகுளோரைட் (குளோரின் பிளீச்) 20 மில்லி, தண்ணீர் 1 லிட்டர். முதலில் சோப்பால் அழுக்கை எடுக்க வேண்டும், அழுக்கின் மேல் ஊற்றினால் குளோரின் வீரியம் இழக்கும். சிறுநீரின் மேல் நேராக ஊற்றினால் அம்மோனியாவோடு சேர்ந்து மூச்சை அடைக்கும் வாயு வரும். அந்தந்த நாளுக்குப் புதிதாகக் கலக்க வேண்டும்.

ஜூன் 19

பென்சில் நுழையும் இடைவெளி சுண்டெலிக்குப் போதும். ஸ்டீல் நாரை அடைத்து மேலே பூச வேண்டும். எலி விஷம் கட்டடத்துக்கு வெளியே, பூட்டிய பெட்டியில் மட்டும். உள்ளே வைத்தால் தின்பண்டம் என்று எடுத்து வாயில் போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

ஜூன் 20

தலையணைக்கடியில் பதுக்கிய பிஸ்கட். பிடுங்கினால் வேறு இடத்தில் பதுக்குவார்கள், அவர்கள் மனமும் நோகும். மூடியுள்ள டப்பா ஒன்று கொடுத்தால் போதும். திருகுமூடி வேண்டாம், நடுங்கும் விரலாலும் திறக்க முடிய வேண்டும்.