312 சதுர அடியில் இரண்டு பேர்

பத்திரத்தில் 420 சதுர அடி என்று போட்டிருக்கிறது. சுவரின் கனம், மாடிப்படியில் எங்கள் பங்கு எல்லாம் சேர்த்த கணக்கு அது. குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நானே டேப் வைத்து அளந்தேன். ஹால் பத்துக்குப் பதினொன்றரை, படுக்கையறை ஒன்பதுக்குப் பத்து, சமையலறை ஏழுக்கு ஆறு, குளியலறை ஐந்துக்கு ஏழு, பால்கனி என்று மரியாதைக்குச் சொல்கிற இடம் மூன்றுக்குப் பத்து. கூட்டினால் 312. ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவள் நான். கூட்டிப் பார்க்காமல் தூக்கம் வராது.

மேற்கு மாம்பலம், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. எண்பதுகளில் கட்டிய எட்டு வீட்டு பிளாக். கிழக்கிலிருந்து காற்றடித்தால் மாம்பலம் ஸ்டேஷன் அறிவிப்பு ஹாலுக்குள் கேட்கும். வீடு பார்க்க வந்த அன்று இவர் அதைக் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் நின்றவர்தான், அப்புறம் எதையுமே பார்க்கவில்லை. புரோக்கர், “லேக் வியூ ரோட்டுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் மேடம்” என்றார். ஏரி எங்கே என்று கேட்டேன். சிரித்தார். அந்த ஏரியைத் தூர்த்துத்தான் 1920களில் தி.நகரையே அமைத்தார்கள். தெருவுக்குப் பெயர் மட்டும் மிச்சம்.

இங்கே வந்ததற்குத் தத்துவம் எதுவும் காரணமில்லை. மேடவாக்கம் பக்கம் ஏழு வருஷம் 1,050 சதுர அடி வாடகை வீட்டில் இருந்தோம். இரண்டு படுக்கையறை. அதில் ஒன்றுக்கு ‘சாமான் ரூம்’ என்றே பெயர், மனிதர்கள் உள்ளே போய் வர வழி இருக்காது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டுபோனது நினைவிருக்கும். லாரித் தண்ணீர் ராத்திரி ஒரு மணிக்கு வரும், இரண்டு மணிக்கு வரும், வராமலும் போகும். விழித்திருந்து மோட்டார் போட்ட அந்த ஜூன் மாதத்தில்தான் ஊருக்குள் போய்விடலாம் என்று முடிவு செய்தோம். கையிருப்பும் கடனும் சேர்த்து ஊருக்குள் கிடைத்தது இவ்வளவுதான். மினிமலிசம் என்ற வார்த்தையையே, குடிவந்து ஒரு வருஷம் கழித்துத் தங்கை பெண் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். “பெரியம்மா, நீங்க மினிமலிஸ்ட்டாமே” என்றாள். ஏதோ வியாதி என்று நினைத்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை ஒன்று இருந்தால் இந்தக் கணக்கே வேறு. யாருக்கும் இதைச் சிபாரிசு செய்ய நான் வரவில்லை.

கிரகப்பிரவேசத்தன்று என் மாமனார் சமையலறை வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தார். அவருக்கு ஊர் திருக்கோவிலூர் பக்கம். முதலாழ்வார்கள் மூன்று பேரும் மழைக்கு ஒரு வீட்டு இடைகழியில் ஒதுங்கி நின்ற கதை அவருக்கு ரத்தத்தில் ஊறியது. “ஒருத்தர் படுக்கலாம், ரெண்டு பேர் உட்காரலாம், மூணு பேர் நிக்கலாம்” என்றார். வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. “அது சரி, நாங்க வந்தா எங்க படுக்கிறது?” என்றார். ஆறு வருஷமாகியும் முழுசாகப் பதில் சொல்லாத கேள்வி அது.

1,050இலிருந்து 312க்கு வர வேண்டுமென்றால் சாமானில் முக்கால்வாசி போக வேண்டும். எவர்சில்வர்தான் பெரிய பாரம். கல்யாணத்துக்கு வந்த தூக்கு, அடுக்கு, சம்புடம், டபரா, பதினாலு குடம். எல்லாவற்றிலும் கொடுத்தவர் பெயரும் தேதியும் வெட்டியிருக்கும். பெயர் வெட்டிய பாத்திரத்தைக் கொடுப்பது லேசில்லை, சொந்தக்காரரையே கொடுப்பது மாதிரி. பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டது பாதி, வீட்டு வேலைக்கு வந்த அம்மாவும் அக்கம்பக்கத்தாரும் எடுத்துக்கொண்டது பாதி. போன வருஷம் ஸ்டேஷன் ரோட்டில் பூ விற்கிற அம்மா மத்தியானச் சாப்பாட்டுக்குத் தூக்கைத் திறந்தார். மூடியில் எங்கள் கல்யாண தேதி. மேடவாக்கத்தில் கொடுத்த தூக்கு எந்த வழியாக மாம்பலம் வந்து சேர்ந்ததோ! ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு முழம் மல்லி கூடுதலாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

எவர்சில்வர் என் பக்கத்துச் சாமான். இவர் பக்கத்தது ரயில்வே கால அட்டவணைகள். இவர் ரயில்வேக்காரர் இல்லை, ஒரு மருத்துவமனை லேபில் டெக்னீஷியன். ஆனால் 1988இலிருந்து வருஷம் தவறாமல் கால அட்டவணைப் புத்தகம் வாங்கி வைத்திருந்தார். தாம்பரத்துக்கு மீட்டர் கேஜில் மின்சார ரயில் ஓடிய காலத்து நேரமெல்லாம் அதில் இருக்கிறது. வீடு மாற்றிய அவசரத்தில் பழைய பேப்பரோடு பேப்பராக அந்தக் கட்டையும் தூக்கிப் போட்டுவிட்டேன். 11 கிலோ, கிலோ 12 ரூபாய், 132 ரூபாய் கையில் வாங்கினேன். சாயங்காலம் வந்தவர், “என் கட்டு எங்கேம்மா?” என்று கேட்டார். குரலே உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு நேரே கடைக்குப் போனார். பழைய பேப்பர்க்காரர் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டு 500 ரூபாய் சொல்லிவிட்டார். கட்டு திரும்பி வந்தது, 1994ஐத் தவிர. அது அதற்குள் பொட்டலத்துக்குப் போய்விட்டது. அந்த வருஷத்து வைகை எக்ஸ்பிரஸ் நேரத்தில் யாரோ வேர்க்கடலை தின்றிருப்பார்கள்.

அன்று போட்ட சட்டம்தான் இன்றுவரை ஓடுகிறது. ஆளுக்கு ஓர் அலமாரி, பரணில் ஆளுக்குப் பாதி. அதற்குள் என்ன இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று மற்றவர் கேட்கக் கூடாது. அதற்கு வெளியே எது வீட்டுக்குள் வந்தாலும் பதிலுக்கு ஒன்று போக வேண்டும். என் அலமாரி நிரம்பினால் எனக்கும் அதே சட்டம், ஒரு புடவை வந்தால் ஒரு புடவை போகும். ஸ்டேஷன் நடைமேம்பாலத்தைத் தாண்டினால் ரங்கநாதன் தெரு. அப்படி ஓர் இடத்தில் குடியிருந்துகொண்டு இந்தச் சட்டத்தைக் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று மாம்பலத்துக்காரர்களுக்குத் தெரியும்.

பழைய வீட்டில் 25 கிலோ அரிசி மூட்டை வாங்குவேன். இங்கே ஐந்து கிலோ. கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் கூடத்தான். ஆனால் மூட்டை உட்காரும் இரண்டு சதுர அடிக்கு நாங்கள் கொடுத்த விலையில் எத்தனை வருஷத்துக்கு அரிசி வாங்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். கீழே அண்ணாச்சி கடைதான் இப்போது என் சாமான் ரூம். கரண்ட் பில்லும் இறங்கியது. இரண்டு மாத ரீடிங்கில் முதல் 100 யூனிட் இலவசம், 500ஐத் தாண்டினால் எகிறிவிடும். பழைய வீட்டில் ஒவ்வொரு கோடையிலும் தாண்டுவோம். இங்கே அக்னி நட்சத்திரத்தில்கூட 380தான் வந்தது.

இடம் பழகிவிட்டது. சத்தம்தான் பழகவில்லை.

இவருக்கு மூன்று ஷிஃப்ட் மாறி மாறி வரும். நைட் வாரத்தில் காலை எட்டு மணிக்கு வந்து, இட்லி சாப்பிட்டுவிட்டு, ஒன்பதிலிருந்து இரண்டு வரை தூங்குவார். செவ்வாயும் வியாழனும் எனக்கு வீட்டிலிருந்து வேலை. படுக்கையறைக்கும் சமையலறைக்கும் நடுவே நாலரை இஞ்ச் சுவர். மிக்ஸி போட்டால் கட்டில் அதிரும். முதல் மூன்று மாதம் இரண்டு பேரும் கண் சிவந்து திரிந்தோம். அப்புறம் மெள்ள மெள்ள ஒரு கணக்குக்கு வந்தோம். சட்னி ஏழரைக்குள் அரைத்தாக வேண்டும். குக்கர் எட்டு மணிக்கு மேல் விசில் அடிக்கக் கூடாது. பருப்பு முந்தின ராத்திரியே வெந்து ஃபிரிட்ஜில் இருக்கும், மறுநாள் கொதிக்க வைத்து இறக்கினால் சாம்பார். கடுகு வெடிக்கிற சத்தத்துக்கு இவர் எழுந்திருக்க மாட்டார். பெருங்காய வாசனைக்கு எழுந்துவிடுவார், அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

ஹாலில் சுவரோடு மடிகிற பலகை ஒன்றிருக்கிறது. மூன்றடிக்கு ஒன்றரை அடி. “இவ்ளோதானாக்கா?” என்று ஆசாரி இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் அறுத்தார். ஒன்பதரையிலிருந்து ஆறு வரை அது என் ஆபீஸ். எட்டு மணிக்குச் சாப்பாட்டு மேஜை. ஒன்பதரைக்கு மேல், இவர் வீட்டில் இருந்தால், கால அட்டவணைகள் விரியும். அந்த நேரத்தில் அவசர ஜிஎஸ்டி ரிட்டர்ன் இருந்தாலும் நான் கட்டிலில்தான் உட்கார்ந்து முடிப்பேன். மற்றவர்கள் அறை பிரித்துக்கொள்வார்கள், நாங்கள் மணி பிரித்துக்கொண்டோம். காலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை பால்கனி என்னுடையது. அங்கே நான் காப்பியோடு இருக்கும்போது இவர் பேச்சுக் கொடுக்க மாட்டார், வீடு தீப்பிடித்தால் தவிர.

சண்டை வந்தால் படாரென்று கதவைச் சாத்திக்கொண்டு போக இன்னொரு ரூம் கிடையாது. இவர் மொட்டை மாடிக்குப் போவார். நான் அயோத்தியா மண்டபம் வரை நடந்து, உபன்யாசம் ஏதாவது நடந்தால் பத்து நிமிஷம் நின்று கேட்டுவிட்டு, கீரை வாங்கிக்கொண்டு திரும்புவேன். வீட்டில் கீரை அதிகமாக இருந்தால் அந்த வாரம் எப்படிப் போனது என்று இவருக்குத் தெரிந்துவிடும்.

ஐப்பசி கார்த்திகையில் இந்த வீடு ஒரு தண்டனை. பால்கனிக் கூரையில் கயிற்றை இழுத்து மேலே ஏற்றுகிற துணிக் கம்பிகள் ஆறு மாட்டியிருக்கிறோம், மழை விடாவிட்டால் அவை போதாது. ஹாலில் கொடி கட்டியதும் வீடு முழுக்க ஈரத்துணி. குனிந்து, ஒதுக்கி, இவருடைய வேட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மனிதரிடம் பேச வேண்டியிருக்கும். வடக்குச் சுவரை ஒட்டிய அலமாரியில் பூஞ்சை பிடிக்கும். சூடம் போட்டுப் பார்த்துவிட்டேன், பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை.

2020இல் கொரோனா வந்தபோது மருத்துவமனையே ஊழியர்களைத் தங்க வைத்தது. இவர் 19 நாள் வரவில்லை. பலகை நாள் முழுக்க எனக்கே. எப்போது வேண்டுமானாலும் மிக்ஸி போடலாம். ஏழரைக்கே சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். ராத்திரியெல்லாம் கொட்டி, காலையில் எட்டிப் பார்த்தால் தெருவே இல்லை. புரோக்கர் காட்டாத ஏரியை அன்று பால்கனியிலிருந்து நன்றாகப் பார்த்தோம். தரைத்தள வீட்டில் முழங்கால் தண்ணீர். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், பாட்டி என்று ஐந்து பேர் மேலே வந்தார்கள். பாட்டியை இவரும் அந்த வீட்டுக்காரரும் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார வைத்து மூன்று மாடியும் தூக்கி வந்தார்கள்.

கரண்ட் இல்லை. இரண்டு ராத்திரி. ஹாலில் சோபா கிடையாது, டீபாய் கிடையாது, பலகையை மடித்துவிட்டால் வெறும் தரை. நாலு பாய் பக்கத்தில் பக்கத்தில் விரித்தோம், பத்தடி சரியாகப் போனது. எல்லார் காலடியிலும் குறுக்காக இவர். கட்டிலில் பாட்டியும் நானும். பாட்டி தூங்கவில்லை. இருட்டில், “உங்க மாமனார் ஊர் எதும்மா?” என்று கேட்டார். திருக்கோவிலூர் பக்கம் என்றேன். “அதானே பார்த்தேன்” என்றார். எதைப் பார்த்தார் என்று கேட்க அவசியமில்லை. நாலாவதாகப் பெருமாள் வந்து நெருக்கிய கதை அவருக்கும் தெரிந்திருந்தது.

மூன்று வேளையும் ரவா உப்புமாதான். சின்னவன் இரண்டாம் நாள் அழுதான், சரி, யாராயிருந்தாலும் அழத்தான் செய்வார்கள்.

தண்ணீர் வடிந்து அவர்கள் இறங்கிப் போனபோது பாட்டி ஸ்டூலை விட்டுவிட்டுப் போனார். “இருக்கட்டும், உங்க வீட்ல உட்கார ஒண்ணுமே இல்லியே” என்றார். இரண்டு தடவை கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு தடவையும் பேரன் கையில் மேலே வந்துவிட்டது, இரண்டாவது தடவை அதன் மேல் ஒரு டப்பா முறுக்கோடு. இப்போது அது சமையலறை வாசலில் கிடக்கிறது. போகும்போது ஒரு தடவையும் வரும்போது ஒரு தடவையும் என் கால் விரல் அதில் இடிக்கும். பரணிலிருந்து கால அட்டவணை எடுக்க இவர் அதன் மேல்தான் ஏறுகிறார்.

ஒன்று வந்தால் ஒன்று போக வேண்டும் என்ற சட்டப்படி, ஸ்டூலுக்குப் பதில் எது போவது என்பது இன்னும் முடிவாகவில்லை. நான் பரணைப் பார்க்கிறேன். இவர் என் புடவை அலமாரியைப் பார்க்கிறார்.