நாலு பேர், ஒரு சம்பளம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஸ்ட்ரிங் குவார்டெட் வைத்துப் பிழைக்கிறேன் என்று சொன்னால், சொந்தக்காரர்கள் அடுத்துக் கேட்பது, "அது சரிம்மா, வேலை என்ன பார்க்கிறே?" என்பதுதான். இரண்டு வயலின், ஒரு வயோலா, நான் வாசிக்கும் செல்லோ, அவ்வளவுதான் எங்கள் குழு. பாடகர் கிடையாது, மிருதங்கம் கிடையாது, கை காட்டி நடத்த ஆளும் கிடையாது. சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் பெரியப்பா மட்டும் எங்களைத் "தஞ்சை நால்வர்" என்பார். அந்தக் காலத்துத் தஞ்சை அரண்மனையில் இருந்த அந்த நாலு சகோதரர்களில் வடிவேலு வயலின் வித்வான் என்பது தெரிந்துதான் சொல்கிறார்.

வருமானம் கல்யாண வரவேற்புகள், பள்ளிக்கூடக் கச்சேரிகள், ஆளுக்கொரு பக்கம் எடுக்கும் டியூஷன், ஆர்கெஸ்ட்ராவில் ஆள் குறைந்தால் வரும் அழைப்பு என்று துண்டு துண்டாக வரும். ஹைடனும் பீத்தோவனும் வாசிக்கும் முழுக் கச்சேரி வருடத்தில் கொஞ்சம்தான். ஆனால் மாதக்கணக்கில் ஒத்திகை பார்ப்பது அதற்குத்தான், ஒத்திகைக்கு யாரும் காசு தருவதில்லை. எந்தத் தொகை வந்தாலும் சரிசமமாக நாலாகப் பிரியும், முதல் வயலினுக்குக் கொஞ்சம் கூட என்கிற பேச்சே இல்லை. இங்கே தமிழ்க் குடும்பங்களில் புரட்டாசியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், அந்த மாதம் எங்கள் கணக்கு நோட்டும் விரதம்தான். டிசம்பரில் மூச்சு விட நேரம் இருக்காது.

கல்யாணத்தில் வாசிப்பதை மட்டமாகப் பேசும் சங்கீதக்காரர்களோடு எனக்கு ஒத்துவராது. பாகெல்பெல் என்ற பழைய ஜெர்மன் இசையமைப்பாளரின் 'கேனன்' உருப்படியில் செல்லோவுக்கு மொத்தமே எட்டு ஸ்வரம், அதையே 28 தடவை வாசிக்க வேண்டும். கை தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும், காதுக்கும் கண்ணுக்கும் வேலை இல்லை. முதல் வயலின்காரர் வில்லைத் திருப்புவதற்கு முன்னால் எப்படி மூச்சு இழுக்கிறார், தோளை எவ்வளவு தூக்குகிறார் என்பதையெல்லாம் நான் கற்றுக்கொண்டது உம்லாங்கா கடற்காற்றில், நோட்டுத் தாள் பறக்காமல் துணி கிளிப் மாட்டிக்கொண்டு இதை வாசித்த சமயங்களில்தான். 2022, 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, டிஜேயின் பெட்டி நடுவில் ஊமையாகிவிட்டால் மண்டபமே எங்களைத் திரும்பிப் பார்க்கும். எங்களுக்குத்தான் பிளக் வேண்டாமே.

சுருதி விஷயம் தனி. கர்நாடகக் கச்சேரியில் தம்புரா ஒரே இடத்தில் நிற்கும், அதை நம்பிப் பாடலாம். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை. என் நாலு கம்பிகளையும் துல்லியமான பஞ்சமமாக வைத்தால் தனியாகக் கேட்க அருமையாக இருக்கும். ஆனால் என்னுடைய கடைசிக் கம்பியான சி-யோடு வயலினின் வெறும் ஈ கம்பி சேரும்போது, அந்தக் காந்தாரம் கூர்மையாகி காதைக் குத்தும். அதனால் நானும் வயோலாக்காரரும் கீழ்க் கம்பிகளை ஒரு இழை மேலே ஏற்றித்தான் வைக்கிறோம். எவ்வளவு ஏற்றுவது என்பதில் தினமும் தகராறு. டியூனர் கருவியில் பச்சை விளக்கு எரிந்தால் போதும் என்று நினைப்பவர் இந்தத் தொழிலுக்குச் சரிப்பட மாட்டார்.

ஹைடனில் ஒரே ஒரு வரிக்கு, வில்லைத் தூக்கி வைப்பதா ஒட்டியே இழுப்பதா என்று ஒரு மதியமே போயிருக்கிறது. தலைவர் இல்லாத இடத்தில் வாக்கெடுப்பும் உதவாது, இரண்டுக்கு இரண்டு என்றால் என்ன செய்வது? எங்களிடம் ஒரு விதிதான் உண்டு: அடுத்தவர் சொன்னதை முதலில் மனசோடு வாசித்துப் பார், அப்புறம் வாயைத் திற. வேண்டா வெறுப்பாக வாசித்துவிட்டு "பார்த்தியா, நல்லா இல்லை" என்பது இங்கே பெரிய குற்றம்.

ஜோகன்னஸ்பர்க் கச்சேரி என்றால் வேன்தான், விமானத்தில் செல்லோவுக்குத் தனி சீட்டு வாங்கக் கட்டுப்படியாகாது. கடலோர ஈரத்தில் ஊறி, முறுக்கவே முடியாமல் இறுகிக் கிடக்கும் பிருடைகள், வான் ரீனன் கணவாய் ஏறி அந்த மேட்டுநிலத்துக் குளிர்கால வறட்சியைத் தொட்டதும் வழுக்க ஆரம்பிக்கும். மேடையில் கம்பி சர்ரென்று அவிழ்ந்துகொள்ளும். ஒருநாள் முன்னதாகவே போய் வாத்தியத்தை ஊருக்குப் பழக்க வேண்டும், அந்த ராத்தங்கல் செலவும் நம் தலையில்தான்.

அங்கே கெவின் வோலன்ஸின் 'ஒயிட் மேன் ஸ்லீப்ஸ்' வாசிப்போம். அவர் பக்கத்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பிறந்தவர், 'க்ரோனோஸ் குவார்டெட்' என்ற அமெரிக்கக் குழு அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. எங்கள் ஊர்க்காரர் எழுதியது என்று சொன்னால் பள்ளிப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள், பீத்தோவனுக்கு அப்படி உட்காருவதில்லை.

இப்போது இரண்டாம் வயலின் வாசிக்கும் தோழி ஒரு ஆர்கெஸ்ட்ரா வேலைக்கு ஆடிஷன் கொடுக்கப் போகிறாள். மாதச் சம்பளம், மெடிக்கல் எய்ட். போகாதே என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஒத்திகை முடிந்ததும் நாங்கள் மூவரும் நடுவர்கள் மாதிரி திரும்பி உட்கார்ந்து, அவள் வாசிப்பதைக் கேட்டுக் குறை சொல்கிறோம். 1947இல் தொடங்கிய 'அமாடியஸ் குவார்டெட்' நாற்பது வருடம் அதே நாலு பேரோடு ஓடியது, 1987இல் வயோலாக்காரர் பீட்டர் ஷிட்லாஃப் இறந்ததும் வேறு ஆள் தேடாமல் நிறுத்திவிட்டார்கள். "அவர்களுக்கு முடிந்தது, நமக்கு வாடகை யார் கட்டுவது?" என்கிறார் முதல் வயலின். வயோலாக்காரருக்கோ, புது ஆள் என்ற பேச்சே பிடிக்கவில்லை. ஜோகன்னஸ்பர்க் போய்வந்து பேசிக்கொள்ளலாம் என்று இப்போதைக்குத் தள்ளிப் போட்டிருக்கிறோம்.