ஒரே வேலை, ஒரே அலுவலகம், ஒருவருக்கு மட்டும் பென்ஷன்

தமிழ்நாட்டில் ஒரே நகராட்சி, ஒரே வேலை. 2003 மார்ச்சில் சேர்ந்தவருக்குக் கடைசிவரை பென்ஷன், அவருக்குப் பின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம், அகவிலைப்படி ஏறினால் அதுவும் ஏறும். அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவருக்கு சிபிஎஸ் என்ற பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்! அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து 10 சதவீதம் மாதாமாதம் பிடித்தம், அரசும் அதே அளவு போடும், வட்டி சேரும், ஓய்வு பெறும்போது மொத்தமாகக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள் என்பதுதான் ஏற்பாடாக இருந்தது.

எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அக்கா சம்பளச் சீட்டை நீட்டி அந்தப் பிடித்தத்தைக் காட்டினார். "மொத்தப் பணம் வந்ததும் வீட்டுக் கடனுக்கே போயிடும் தம்பி, அப்புறம் சோத்துக்கு?" என்றார். சரியான கேள்வி. எண்பது வயதுவரை இருப்போமா, தொண்ணூறுவரையா என்று தனி மனிதர் எப்படிக் கணக்குப் போட்டுச் செலவு செய்ய முடியும்? லட்சக்கணக்கான ஊழியர்களைச் சேர்த்து வைத்து அரசால் போட முடியும். பென்ஷன் என்பதே அதற்குத்தானே.

2026 ஜனவரியில் கடைசிச் சம்பளத்தில் பாதியை ஓய்வூதியமாகத் தரும் புதுத் திட்டத்தை அரசு அறிவித்தது. ஊழியரிடம் 10 சதவீதப் பிடித்தம் அதிலும் தொடர்கிறது, இருந்தாலும் மாதாமாதம் பணம் வரும் என்பதால் வரவேற்கிறேன். நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஒன்றிய ஊழியர்களில் ஒருவரைக்கூட இதில் விட்டுவிடக் கூடாது. ஒப்பந்தத்தில் குப்பை அள்ளுபவர்களுக்கு சிபிஎஸ்கூட இல்லை, அவர்களைப் பற்றியும் பேசுங்கள்.