கென்யாவில் வேலி பார்த்த கதை

ஜூலை 14, திங்கள். நைரோபி

விடியற்காலையிலேயே தேசியப் பூங்காவுக்குக் கிளம்பிவிட்டோம். 1946-இல் தொடங்கிய பூங்கா, கென்யாவில் இதுதான் முதல். பரப்பு 117 சதுர கிலோமீட்டர். ஒட்டகச்சிவிங்கியைப் படம் எடுத்தால் பின்னணியில் அடுக்குமாடிகள் வரும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். தலைக்கு மேலே உயரத் தூண்களில் ரயில் பாதை போவதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

மூன்று பக்கம் வேலி, தெற்கே மட்டும் திறப்பு. மழைக்காலத்தில் வரிக்குதிரைகள் அந்த வழியாகத்தான் சமவெளிக்கு மேயப் போகும். இப்போது அங்கே வீடுகள் முளைத்துக்கொண்டிருக்கின்றன. அதே வழியில் சிங்கமும் மாடு மேய்க்கும் மசாய் மக்களின் பட்டியைத் தேடிப் போகும். அதற்குத்தான் ரிச்சர்ட் துரேரே என்ற பையன் சின்ன வயதில் ஒரு வழி கண்டுபிடித்தான்: பழைய கார் பேட்டரி, சூரியத் தகடு, மாறி மாறி மின்னும் டார்ச் பல்புகள். யாரோ விளக்கோடு நடமாடுகிறார்கள் என்று நினைத்துச் சிங்கம் ஒதுங்கிவிடும்.

1989-இல் அதிபர் மோய் 12 டன் தந்தத்தை எரித்ததும் இந்தப் பூங்காவில்தான். 2016-இல் மறுபடியும், 105 டன். அது பெரிய சேதி என்பது சரிதான். ஆனால் எனக்கு அந்தப் பல்புதான் மனதில் நின்றது.

ஜூலை 16, புதன். ஓல் பெஜெட்டா சரணாலயம்

நஜினையும் ஃபாத்துவையும் பார்த்தோம். தாயும் மகளும். உலகத்தில் மிச்சமிருக்கும் வடக்கு வெள்ளைக் காண்டாமிருகங்கள் இவை இரண்டுதான். நஜினின் அப்பா சூடான், கடைசி ஆண், 2018 மார்ச்சில் இறந்தது. திருடர்களுக்குப் பயந்து தாய், மகள் இரண்டின் கொம்பையும் வெட்டிவிட்டிருக்கிறார்கள். காது விளிம்பில் துடைப்பக் குச்சம் போல மயிர். தெற்கு வகைக்கு அவ்வளவு இருக்காது என்றார் காவலர்.

ஃபாத்துவின் கருமுட்டையை எடுத்து, உறையவைத்த விந்தோடு சேர்த்து, கருவைத் தெற்கு வகைப் பெண்ணின் வயிற்றில் வளர்ப்பதுதான் திட்டம். நஜினுக்கு வயதாகிவிட்டதால் 2021-இலேயே முட்டை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். எங்களில் பாதிப் பேருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு வரவில்லை. இரண்டும் தம் பாட்டுக்குப் புல் மேய்ந்துகொண்டிருந்தன.

ஜூலை 17, வியாழன். அதே இடம்

இன்றுதான் உண்மையான பாடம். சுற்றிலும் மின்வேலி, வடக்கே சில இடங்களில் மட்டும் இடைவெளி. அந்த இடைவெளியில் முழங்கால் உயரத்துக்குக் கட்டைகளை நெருக்கமாக, அகலமான பட்டையாக நட்டிருக்கிறார்கள். யானை அலட்டிக்கொள்ளாமல் கால் தூக்கித் தாண்டிவிடும். மானும் சிங்கமும் நுழைந்துவிடும். காண்டாமிருகத்தால் மட்டும் முடியாது. இங்கே 150-க்கும் மேல் கருங்காண்டாமிருகங்கள் இருக்கின்றன. அவை வெளியே போனால் காவல் காக்க முடியாது. யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்பதை வெறும் கட்டையால் தீர்த்திருக்கிறார்கள்! நான் ஒன்றில் காலை வைத்துப் பார்த்தேன். மேல்பக்கம் சேறு காய்ந்து, யானைத் தோல் உரசிய தடம் வழவழவென்று இருந்தது.

மதியம் மாட்டுப் பட்டிக்குப் போனோம். சரணாலயத்துக்குள் ஆயிரக்கணக்கில் போரான் மாடுகள். முதலில் எரிச்சலாக இருந்தது, இதென்ன காடா பண்ணையா என்று. அப்புறம் விளக்கினார்கள். மாடுகளுக்கு உண்ணி மருந்து போடுகிறார்கள். புல்லில் இருக்கும் உண்ணிகள் மாட்டில் ஏறிச் சாகின்றன, காட்டு விலங்குகளுக்கும் தொல்லை குறைகிறது. இரவில் இரும்புத் தட்டிகளால் பட்டி கட்டி, சில வாரங்களில் இடம் மாற்றுகிறார்கள். சாணமும் மூத்திரமும் ஊறிய அந்த இடத்தில் நல்ல புல் முளைக்கும், மான்கள் தேடி வரும். நம் ஊரில் வயலில் கிடை போடுவதேதான், இங்கே விளைச்சல் மான் வாய்க்குப் போகிறது.

ஜூலை 18, வெள்ளி

நாள் முழுக்க வண்டி. தூசி. எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 20, ஞாயிறு. அம்போசேலி தேசியப் பூங்கா

கிளிமஞ்சாரோ காலையில் கொஞ்ச நேரம் தெரிந்தது. அதன் தண்ணீர் பூமிக்கடியில் ஓடி வந்து இங்கே சதுப்பாகிறது, யானைகள் அதில் வயிறு நனைய நின்று கோரையைப் பிடுங்குகின்றன. பெண் யானைகளுக்கும் தந்தம் இருப்பது நம் கண்ணுக்குப் பழக நேரமாகிறது. 1972-இல் சிந்தியா மோஸ் தொடங்கிய ஆய்வு இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு யானையையும் காது விளிம்பின் கிழிசலை வைத்து அடையாளம் காண்கிறார்கள்.

பூங்கா 392 சதுர கிலோமீட்டர்தான், வேலியும் கிடையாது. யானைகள் வெளியே மசாய் நிலங்களில்தான் நிறைய நேரம் இருக்கின்றன. பக்கத்திலுள்ள கிமானாவில் மசாய்களின் பொது நிலம் ஆளுக்கொரு துண்டாகப் பிரிந்துவிட்டது. யானைகள் போய்வர வழி இருக்க வேண்டும் என்று வனவிலங்கு அமைப்புகள் துண்டு வைத்திருப்பவர்களிடம் குத்தகை பேசி, வேலி போடாமல் பார்த்துக்கொள்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கம் ஓர் அவகாடோ பண்ணை மின்வேலியோடு வர, விவகாரம் தீர்ப்பாயம் வரை போனது.

நில உரிமையாளர் ஒருவரிடம், "குத்தகைப் பணம் போதுமா ஐயா?" என்று கேட்டோம். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்குச் சரியாகப் போகிறது என்றார். "நாளைக்குத் தக்காளி போட ஒருத்தன் வந்து இரண்டு மடங்கு தருகிறேன் என்றால் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று திருப்பிக் கேட்டார்.

எங்களோடு வந்த மேடம் உட்பட யாரும் வாயைத் திறக்கவில்லை. இரவுச் சாப்பாட்டில் அதைத்தான் பேசினோம். குத்தகையைக் கூட்ட வேண்டும் என்று ஒரு கட்சி, அந்தப் பணத்தைச் சுற்றுலா தாங்காது என்று ஒரு கட்சி. நான் முதல் கட்சி.