நெய்வேலித் தாத்தா

பிப்ரவரி 9, 2024

தாத்தா நேற்று விடியற்காலையில் போய்விட்டார். எண்பத்தேழு வயது. சாயங்காலத்துக்குள் ஆம்பளைகள் பாலாற்றங்கரைக்குப் போய்த் திரும்பியும் விட்டார்கள். அதைப் பற்றி எழுத இப்போது தெம்பில்லை.

ஒன்றை மட்டும் எழுதிவைக்கிறேன். துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர், "தங்கவயல்ல வேலை செஞ்சவராச்சே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் பக்கம் சுரங்கம் என்றாலே கோலார் தங்கவயல்தான். வட ஆற்காட்டு ஊர்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக ஆட்கள் அங்கே போயிருக்கிறார்கள். 2001இல் அதை மூடியபோது திரும்பி வந்த குடும்பங்கள் எங்கள் தெருவிலும் உண்டு. ஆனால் தாத்தா போனது நெய்வேலிக்கு. யாராவது தங்கவயல் என்று சொன்னால் அவருக்கு ஆகவே ஆகாது. "தங்கமும் இல்ல, கூண்டுல எறங்கறதும் இல்ல. அண்ணாந்து பாத்தா வானம் தெரியற சுரங்கம்யா எங்களுது" என்பார்.

பிப்ரவரி 12

காரியத்துக்கு பேனர் அடிக்கத் தம்பியோடு பள்ளிகொண்டா போனேன். கடைப் பையன் நல்ல பையன், ஆர்வக்கோளாறு. சுரங்கத் தொழிலாளி என்றதும் தலையில் விளக்கு, கையில் கடப்பாறை, முகமெல்லாம் கரி என்று ஒரு வெள்ளைக்காரர் படத்தைத் தேடியெடுத்து தாத்தாவுக்குப் பின்னால் ஒட்டிவிட்டான். எடுத்துவிடச் சொன்னேன். "அப்ப வேற இன்னாக்கா போடறது?" என்றான். எனக்கும் தெரியவில்லை. பம்பு செட்டு படமா போட முடியும்? கடைசியில் ரெண்டு புறாவும் ஒரு விளக்கும் போட்டோம்.

பிப்ரவரி 14

பம்பு செட்டு என்று விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவருடைய வேலையே அதுதான்.

நெய்வேலியில் மேல் மண்ணை வெட்டியெடுக்க ராட்சத ஜெர்மன் இயந்திரங்கள் இருக்கின்றன. போட்டோவில் எல்லோரும் பார்ப்பது அதைத்தான். பார்க்காதது அடியில் இருக்கும் தண்ணீர். பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே பெரிய ஊற்று ஒன்று மேல்நோக்கி முட்டிக்கொண்டே இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு ஆறிலிருந்து எட்டு கிலோ அழுத்தம். ஆழ்துளைக் கிணறுகள் போட்டு ராத்திரி பகலாக இறைத்தால்தான் அதன் வேகம் அடங்கும். நிறுத்தினால் அடித்தரையைப் பிளந்துகொண்டு வந்துவிடும், அப்புறம் சுரங்கம் இருக்காது, ஏரிதான். அந்த பம்புகளைக் கவனிக்கும் பிரிவில்தான் தாத்தா கடைசிவரை இருந்தார்.

அந்த ஊருக்குக் கரி கிடைத்ததே தண்ணீரால்தான். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்குக் கிணறு போடும்போது பழுப்பாக ஏதோ வந்தது. அங்கிருந்து ஆரம்பித்து 1956இல் நிறுவனமாகி, 1961இல் முதல் முதலாகப் படுகையைத் தொட்டார்கள். தாத்தா இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் ஆயா குறுக்கே விழுவாள்: "அவனுக்குத் தண்ணிக்குத் தோண்டினா கரி வருது, நம்ம ஊர்ல தண்ணிக்குத் தோண்டினா பாறைதான் வருது."

பாலாற்று மணலில் ஊற்று தோண்டிக் கொட்டாங்குச்சியால் மொண்டு குடம் நிரப்பிய வீட்டுப் பிள்ளை அவர். வேண்டாத தண்ணீரை வெளியே தள்ளுவதற்காக மாதாமாதம் சம்பளம் வாங்கினார். முதல் வருஷம் அந்தத் தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் வயிறெரியும் என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு பழகிவிட்டதா என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 17

ராத்திரி கரண்ட் போனது. ஃபேன் நின்றதும் எல்லோரும் புரண்டு படுத்தோம். ஆயா மட்டும் எழுந்து உட்கார்ந்து அவர் கட்டிலைப் பார்த்தாள். ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகும் சத்தம் கேட்டால் தூங்குவார், சத்தம் நின்றால் எழுந்துகொள்வார். பம்பு நின்றுபோச்சோ என்று உடம்பு பதறுமாம்.

பம்பின் பேரிங் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை அதன்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். தேய்ந்திருந்தால் கரகரவென்று கேட்கும். மரப்பிடி போட்ட அந்த ஸ்க்ரூடிரைவரை ஊருக்கும் கொண்டுவந்துவிட்டார். நான் சாப்பிட அடம் பிடித்தால் பிடிப்பக்கத்தை என் வயிற்றில் வைப்பார், முனையில் விரலைக் கொடுத்துக் காதருகே பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளிப்பார். "கிரீஸ் இல்லாம ஓடுது. உடனே ரசஞ்சோறு போடுங்க." நான் சிரித்தபடியே ரெண்டு தட்டு சாப்பிடுவேன். என் மகனுக்கும் போன வருஷம்வரை இதே வைத்தியம்தான். இப்போது அது டிவிக்குப் பக்கத்தில் பேனா ஸ்டாண்டில் இருக்கிறது. தம்பி கேட்கிறான். கொடுக்க மாட்டேன்.

பிப்ரவரி 20

மார்க்கபந்தீஸ்வரர் கோயில் வழியாக வந்தேன். தீட்டு கழியவில்லை, உள்ளே போக முடியாது.

உள்ளே காலம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது. அரைவட்டத்தில் எண்கள், மேலே ஒரு பள்ளம். அதில் குச்சியை வைத்தால் நிழல் விழும் இடம்தான் மணி. ஷிப்டு கணக்கிலேயே வாழ்ந்த மனுஷருக்கு அந்தக் கல்மேல் தனிப் பிரியம். லீவு நாளில் என்னைக் கூட்டிப்போய்த் தென்னங்குச்சி ஒன்றைக் கையில் கொடுப்பார். தன் எச்எம்டி வாட்சைப் பக்கத்தில் பிடிப்பார். மாசியில் வாட்ச் அரைமணிக்குக் கொஞ்சம் குறைவாக முன்னால் ஓடும். ஐப்பசி கடைசியில் ரெண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். எது சரி என்று கேட்டேன். "வாட்சு அலகாபாத் பக்கத்து நேரம், கல்லு நம்மூரு நேரம். வேலைக்குப் போறதுன்னா வாட்ச பாரு, சோறு துன்றதுன்னா கல்ல பாரு" என்றார். தீர்க்கரேகை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தபோது வகுப்பில் எனக்கு மட்டும் உடனே புரிந்தது.

2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் முட்டி வந்தபோது கைத்தடியோடு போய் நின்றார். ஊரே செல்பி எடுத்துக்கொண்டிருந்தது. இவர் ஏதோ கணக்குப் போட்டுவிட்டு என் அப்பாவிடம், "எத்தினி பம்பு வெச்சாலும் ஆவாது" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

பிப்ரவரி 23

காரியம் முடிந்தது. நெய்வேலியிலிருந்து அவரோடு வேலை பார்த்த பெரியவர் ஒருத்தர் பண்ருட்டி, விழுப்புரம், திருவண்ணாமலை என்று பஸ் மாறி மாறி வந்திருந்தார். பேனரைப் பார்த்து, "புறா எதுக்கு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

சாப்பிட்ட பிறகு திண்ணையில் பேச்சு நீண்டது. மழை ராத்திரி ஒன்றில் கரண்ட் தடைப்பட்டு, திரும்ப வந்ததும் தாத்தா சேற்றில் செருப்பில்லாமல் ஓடி ஒவ்வொரு கிணறாக பம்பு போட்டதைச் சொன்னார். அவர் சொல்லித்தான் தெரியும், தாத்தா சொன்னதே இல்லை.

தாத்தா அடிக்கடி சொன்ன கதை வேறு. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தபோது தான் முன்வரிசையில் நின்றதாகவும், நேரு தன்னைப் பார்த்துத் தலையசைத்ததாகவும். அதைச் சொன்னதும் பெரியவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஏம்மா, அவரு வேலைக்குச் சேர்ந்ததே அறுபத்தொண்ணுலதான். நானும் அவரும் ஒரே நாள்ல சேர்ந்தோம்."

உள்ளேயிருந்து ஆயா குரல் கொடுத்தாள். "நேருவும் இல்ல, கீருவும் இல்ல. அந்த வைகாசியில அவரு எங்க ஊட்டுக்குப் பொண்ணு பாக்க வந்திருந்தாரு. முன்வரிசையில குந்திகினு நாலு வடை துன்னாரு."