டிப்ளமோ முடித்ததும் பஸ் டிப்போவில் ஓராண்டு அப்ரண்டிஸ்: என் அனுபவம்

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த கையோடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் ஓராண்டு அப்ரண்டிஸாக இருந்தேன். அடுத்து விண்ணப்பிக்கப் போகும் தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் நாட்ஸ் (NATS) எனும் ஒன்றிய அரசின் அப்ரண்டிஸ் பயிற்சித் திட்ட இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு எண் வந்ததுமே பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். அது போதாது. அறிவிப்பு வெளியிட்ட நிறுவனத்தை அதே தளத்தில் தேடித் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். எங்களுக்கு எழுத்துத் தேர்வு கிடையாது. டிப்ளமோ மதிப்பெண்ணை வைத்துப் பட்டியல், பிறகு சான்றிதழ் சரிபார்ப்பு. ஏற்கெனவே அப்ரண்டிஸ் முடித்தவர்களையும் ஓராண்டோ அதற்கு மேலோ வேலை பார்த்தவர்களையும் சேர்க்க மாட்டார்கள்.

அடுத்தது பணம். நான் சேர்ந்தபோது டிப்ளமோவுக்கு மாதம் 8,000 ரூபாய், பட்டதாரிகளுக்கு 9,000. இதில் பாதி ஒன்றிய அரசின் பங்கு. 2024 ஜூலையில் நாட்ஸின் புதிய தளம் வந்தபின் அந்தப் பாதி நேராக நம் கணக்குக்கே வருகிறது. எந்தக் கணக்குக்கு என்பதில்தான் சிக்கல். என்னோடு சேர்ந்த நண்பனுக்கு அரசுப் பங்கு வரவே இல்லை. கடைசியில் பார்த்தால், பள்ளியில் ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்த பழைய கணக்கோடு அவன் ஆதார் இணைந்திருந்தது. பாஸ்புக் நகல் கொடுத்தால் மட்டும் போதாது, ஒப்பந்தம் போடும் முன்பே வங்கியில், "அரசு மானியம் எந்தக் கணக்குக்குப் போகும்?" என்று கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள்.

வாடகை கொடுத்துத் தங்கினால் இந்தத் தொகை கட்டாது. வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் டிப்போ கிடைத்தால் மட்டுமே சேருங்கள் என்பேன்.

ஆனால் வேலை! எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்று புதுப்பிக்க, வரும் பஸ்ஸில் பிரேக் டிரம்மைக் கழற்றினால் கருப்புத் தூசி பறக்கும். மூத்த மெக்கானிக் அண்ணன் டிரம்மில் உரசும் பிரேக் லைனரை விரலால் தடவியே, "இது இன்னும் ஒரு மாசம் தாங்காதுடா, மாத்து" என்பார். பிறகு அளந்து பார்க்கச் சொல்வார். அவர் சொன்னது சரியாகவே இருக்கும். வகுப்பில் படம் வரைந்து படித்த பிரேக் எனக்குப் புரிந்தது அங்கேதான்.

ஓராண்டு முடிந்தால் வேலை தரவேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. அப்ரண்டிஸ் பயிற்சி வாரியத்தின் சான்றிதழ் வரும். அடுத்து நான் போன நேர்முகத் தேர்வில் சான்றிதழைப் பார்த்ததும், "ஸ்லாக் அட்ஜஸ்டர் செட் பண்ணத் தெரியுமா?" என்று கேட்டார்கள். பிரேக் லைனர் தேயத் தேய கூடும் இடைவெளியைச் சரிசெய்யும் பாகம் அது. தெரியும் என்றேன், அடுத்த மாதமே வேலையில் சேர்ந்தேன்.